தண்டர்பேர்டிலிருந்தே இக்மெயில்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்த நிறுவனத்தின் சர்வரும் நடுவில் இல்லாமல், உங்கள் கணினியிலிருந்து நண்பரின் கணினிக்கு மறையாக்கம் செய்த (பிறர் படிக்க முடியாதபடி மாற்றிய) மெயில் போக வேண்டும். அதை எழுதுவதும் படிப்பதும் பல வருடம் பழகிய தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலிலேயே நடக்க வேண்டும். இக்மெயில் என்ற சின்ன நிரல் இரண்டையும் செய்து தருகிறது. இக்ட்ராசில் என்ற மறையாக்க வலையமைப்பின் மேல் ஓடும் இது, உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டி மெயில் சர்வராக நின்றுகொள்கிறது. ஒரு பக்கம் வலையமைப்போடு பேசும். மறுபக்கம் சாதாரண ஐமேப் (மெயிலைப் படிக்க), எஸ்எம்டிபி (மெயிலை அனுப்ப) மொழியில் தண்டர்பேர்டோடு பேசும்.

நிறுவுவது கடினமில்லை. ஆனால் எங்கும் எழுதி வைக்காத சில இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். என் நேரத்தைத் தின்றதும் அந்த இடங்கள்தான். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

கட்டளைகளையும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கட்டளையில் 'கோடு' என்று நான் சொல்வது சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் இடும் சிறு கோட்டுக்குறியை (-). இக்மெயில் என்பதன் எழுத்துக் கூட்டல்: ஒய், இரண்டு ஜி, அப்புறம் மெயில்.

1. முதலில், இது உங்களுக்கு ஒத்துவருமா?

மூன்று விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இக்மெயில் வைத்திருப்பவர் இக்மெயில் வைத்திருப்பவருக்கு மட்டுமே எழுத முடியும். இங்கிருந்து ஜிமெயில் முகவரிக்குப் போகாது, அங்கிருந்து இங்கேயும் வராது. ஆகவே எதிர்முனையில் குறைந்தது ஒருவராவது இதே வேலையைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கடிதத்தை நடுவில் வைத்துக் காத்திருக்கும் தபால் நிலையம் எதுவும் இதில் கிடையாது. அனுப்புபவரின் இக்மெயிலும் பெறுபவரின் இக்மெயிலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடிதம் கைமாறும். அதுவரை அனுப்பியவர் கணினியிலேயே வரிசையில் நிற்கும்.

மூன்றாவதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கடிதம் முனையிலிருந்து முனை வரை மறையாக்கப்படுகிறது. நடுவில் உள்ள யாரும் படிக்க முடியாது. ஆனால் இக்ட்ராசில் உங்களை அடையாளம் தெரியாதவராக ஆக்குவதில்லை. நீங்கள் நேரடியாக இணைகிற கணினிக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். ஆளே தெரியக்கூடாது என்பது உங்கள் தேவையானால் இது அதற்கான கருவி இல்லை. இந்தத் திட்டம் இன்னும் வளர்ச்சி நிலையில் இருப்பது. உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து உள்ள விஷயங்களை இதை நம்பி அனுப்பாதீர்கள்.

2. கையில் என்ன இருக்க வேண்டும், செலவு எவ்வளவு

ஆதார், மொபைல் எண், ஓடிபி எதுவும் கேட்கமாட்டார்கள். பதிவு செய்ய ஆபீஸும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அதற்குப் பதிலாக, உங்கள் அடையாளம் முழுவதும் ஒரே ஒரு ஃபைலில் அடங்கிவிடுகிறது. அதைத் தொலைத்தால் திரும்ப எடுத்துத் தர யாரும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேவையானவை: லினக்ஸ், மேக், விண்டோஸ் இவற்றில் ஏதாவது ஒரு கணினி, தண்டர்பேர்ட், ஒரு நல்ல பாஸ்வேர்ட், பேக்கப்புக்கு ஒரு பென்டிரைவ். மென்பொருள் எல்லாமே இலவசம். நாள் முழுக்க ஓடவைக்க ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன கணினி வாங்கினால் அது மட்டும்தான் செலவு. முதலில் வாங்காதீர்கள். இருக்கிற மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

ரூட்டரில் போர்ட் திறக்க வேண்டாம், நிலையான ஐபி வேண்டாம். இணைப்பை நம் பக்கத்திலிருந்தே தொடங்குவதால், வீட்டு பிராட்பேண்டில் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி கொடுத்திருந்தாலும் வேலை செய்யும். இக்ட்ராசிலைத் தனியாக நிறுவவும் தேவையில்லை, இக்மெயிலுக்குள்ளேயே இருக்கிறது.

டெர்மினல் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் ஜன்னல்) பழக்கம் உள்ளவருக்கு ஒரு மாலை நேரம் போதும். புதியவர் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

3. இக்மெயிலை நிறுவுதல்

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நீல் அலெக்சாண்டர் பெயரில் உள்ள இக்மெயில் பக்கத்துக்குப் போங்கள். அதில் நிறுவுவதற்கான ஒற்றை வரிக் கட்டளை இருக்கும். அது ஓட, கோ என்ற நிரல் மொழியின் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி) உங்களிடம் இருக்க வேண்டும். லினக்ஸில் சி கம்பைலரையும் சேர்த்தே நிறுவிவிடுங்கள். பாதி வழியில் கம்பைல் நின்றுபோகும் தொல்லை இருக்காது.

கட்டளை ஒரு வார்த்தையும் சொல்லாமல் முடிந்தால், வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் உடனே இக்மெயில் என்று தட்டினால் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று டெர்மினல் சொல்லக்கூடும். நிறுவல் தோற்றுவிட்டது என்று திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். நிரல் உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'கோ' என்ற ஃபோல்டருக்குள் 'பின்' என்ற ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து முழுப் பாதையோடு கூப்பிடுங்கள், அல்லது அந்த இடத்தை உங்கள் பாத் அமைப்பில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்த்துவிடுங்கள்.

4. டேட்டாபேஸும் பாஸ்வேர்டும்: இங்கே அவசரப்படாதீர்கள்

இக்மெயிலை முதல் முறை ஓட்டும்போது அது ஒரு சாவி ஜோடியை (மற்றவருக்குக் கொடுக்கும் பொதுச் சாவி, ரகசியமாக வைக்கும் தனிச் சாவி) உருவாக்கி, ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் எழுதி வைக்கும். பொதுச் சாவிதான் உங்கள் மெயில் முகவரி. வரும் கடிதங்களும் அதே ஃபைலில்தான் சேரும்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், டெர்மினல் அப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கேயே அதை உருவாக்கிவிடும். இன்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்து ஓட்டுகிறீர்கள், முகவரி கிடைக்கிறது, நண்பருக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். நாளை ஹோம் ஃபோல்டரில் இருந்து ஓட்டுகிறீர்கள். அங்கே பழைய ஃபைல் இல்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் புதிய ஃபைல், புதிய சாவி, புதிய முகவரி உருவாகும். தண்டர்பேர்ட் பாஸ்வேர்ட் தவறு என்று சொல்லும், நண்பரின் கடிதங்கள் வராது, எதற்கு என்றும் புரியாது.

ஆகவே முதலிலேயே இக்மெயிலுக்கென்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும், கோடு போட்டு டேட்டாபேஸ் என்று எழுதி, சமக்குறி இட்டு, அந்த ஃபைலின் முழுப் பாதையையும் கொடுங்கள். ஒருமுறைகூட விடாதீர்கள்.

பாஸ்வேர்ட் அமைக்க, இக்மெயில் என்று தட்டி, மேலே சொன்ன டேட்டாபேஸ் பகுதியையும் சேர்த்து, கோடு பாஸ்வேர்ட் என்று கொடுத்தால் கேட்கும். தட்டுவது திரையில் தெரியாது, அது இயல்புதான்.

இந்த பாஸ்வேர்ட் எதைக் காக்கிறது என்பதில் தெளிவாக இருங்கள். தண்டர்பேர்ட் இக்மெயிலோடு பேசும் கதவுக்கு மட்டுமே இது பூட்டு. டேட்டாபேஸ் ஃபைல் கையில் கிடைத்தவர், இதே கட்டளையால் புது பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். கணினியின் டிஸ்க்கையே மறையாக்கம் செய்து வைப்பதுதான் உண்மையான காப்பு. லினக்ஸில் லக்ஸ், விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் என்று இதற்கு வசதி இருக்கிறது.

5. வலையமைப்பில் சேருதல்

இரண்டு வழிகள் உண்டு.

ஒரே வைஃபையில் இரண்டு கணினிகள் இருந்தால், இரண்டிலும் கோடு மல்ட்டிகாஸ்ட் என்று சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். இணையமே தேவையில்லை. முதல் சோதனைக்கு இதைவிட நல்ல வழி இல்லை: ஏதாவது பழுது என்றால் அது உங்கள் அமைப்பில்தான் என்று உறுதியாகத் தெரியும். ஆனால் ஹோட்டல், காலேஜ், 'கெஸ்ட்' வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுத்து வைத்திருப்பார்கள். வீட்டு வைஃபையில் செய்யுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் தனிப்பட்ட நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள்.

வெளியூர் நண்பரோடு பேச, பொது பியர் (யாரும் இணையலாம் என்று திறந்து வைத்த இக்ட்ராசில் கணினி) ஒன்றில் சேர வேண்டும். இக்ட்ராசில் திட்டத்தினர் நாடு வாரியாகப் பொது பியர்களின் பட்டியலை கிட்ஹப்பில் வைத்திருக்கிறார்கள். அதில் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றின் முகவரியை அப்படியே நகலெடுத்து, கோடு பியர், சமக்குறி, அந்த முகவரி என்று சேர்த்து ஓட்டுங்கள். இந்த பியர்களை தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். சொல்லாமல் நின்றுபோவது உண்டு. எனவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் மட்டும் ஒன்றோடு நிறுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பியர்களோடு இணைந்த கணினி வழியாக மற்றவர்களின் போக்குவரத்தும் போகலாம். டேட்டா உங்கள் கணக்கில் கரையும்.

எத்தனை பியர் மாற்றினாலும் இணையவில்லை என்றால் பதிப்பைப் பாருங்கள். 2023இல் வந்த இக்ட்ராசில் 0.5, அதற்கு முந்தைய 0.4 உடன் பேசாது. எப்போதோ இறக்கி வைத்த பழைய இக்மெயில், இன்றைய பியர்களின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும், திறக்காது. நீங்களும் நண்பரும் ஒரே நாளில் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

6. தண்டர்பேர்டை இணைத்தல்

கடிதம் கசிந்தால் அது பெரும்பாலும் வலையமைப்பில் கசியாது. மெயில் நிரலில் கசியும். இப்படி யோசித்துப் பாருங்கள். உங்கள் தண்டர்பேர்டில் ஏற்கெனவே ஜிமெயில் இருக்கிறது. இக்மெயில் நண்பருக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறீர்கள். மேலே 'அனுப்புநர்' இடத்தில் ஜிமெயில் முகவரி நிற்பதைக் கவனிக்கவில்லை. நீங்கள் எழுதி முடிப்பதற்குள் தண்டர்பேர்ட் வரைவைத் தானாக ஜிமெயில் சர்வரில் சேமித்துவிடும். அனுப்பும் பொத்தானையும் அழுத்தினால், கூகுள் "இப்படி ஒரு முகவரி இல்லை" என்று திருப்பி அனுப்பும். ஆனால் கடிதத்தின் உள்ளடக்கம் முழுவதும் ஏற்கெனவே அவர்கள் கைக்குப் போயாயிற்று.

இதைத் தவிர்க்க, இக்மெயிலுக்கென்று தண்டர்பேர்டில் தனி புரொஃபைல் உருவாக்குங்கள். உதவி மெனுவில் உள்ள டிரபிள்ஷூட்டிங் பக்கத்தின் வழியாகப் புரொஃபைல் நிர்வாகத்துக்குப் போகலாம். புதிய புரொஃபைலில் வேறு எந்தக் கணக்கையும் சேர்க்காதீர்கள். தவறான கணக்கிலிருந்து அனுப்ப அங்கே கணக்கே இருக்காது. இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆலோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு சேர்ப்பது. இக்மெயிலை ஓடவிட்டபின், அது டெர்மினலில் உங்கள் முழு முகவரியைக் காட்டும். அதை நகலெடுத்து தண்டர்பேர்டில் போட்டு, பாஸ்வேர்டையும் கொடுங்கள். தானாகத் தேடும், ஒன்றும் கிடைக்காது. கைமுறையாக அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து இவற்றை நிரப்புங்கள்:

வருவதற்கு: ஐமேப், சர்வர் 127.0.0.1, போர்ட் 1143.
போவதற்கு: எஸ்எம்டிபி, சர்வர் 127.0.0.1, போர்ட் 1025.
இரண்டுக்கும்: இணைப்புப் பாதுகாப்பு 'நன்', அடையாளச் சரிபார்ப்பு 'நார்மல் பாஸ்வேர்ட்', பயனர் பெயர் உங்கள் முழு முகவரி.

தண்டர்பேர்ட் இங்கே பெரிய எச்சரிக்கை காட்டும். மறையாக்கம் இல்லாத சர்வர் என்று சொல்லும். 127.0.0.1 என்பது உங்கள் கணினியேதான். அந்தப் பேச்சு கணினியை விட்டு வெளியே போவதில்லை. தைரியமாக ஏற்றுக்கொள்ளலாம். வேறு எந்த முகவரி போட்டிருந்தாலும் ஏற்காதீர்கள்.

அனுப்புநர் முகவரியை அழகுபடுத்த முயல வேண்டாம். உங்கள் சாவிக்குரிய முகவரி அங்கே இல்லையென்றால் இக்மெயில் கடிதத்தை வாங்காது. பெயர் கட்டத்தில் நீங்கள் விரும்பியதை எழுதலாம்.

அப்படியே எச்டிஎம்எல் வடிவத்தில் (நிறம், எழுத்தளவு மாற்றி) எழுதும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வெறும் எழுத்தே போதும். சர்வரில் தேடும் வசதி இக்மெயிலில் இன்னும் இல்லை. அப்படித் தேடினால் எல்லாக் கடிதங்களும் வந்து நிற்கும். தண்டர்பேர்டின் சொந்தத் தேடலைப் பயன்படுத்துங்கள். அதற்காக அது கடிதங்களின் நகலையும் தேடல் அட்டவணையையும் டிஸ்க்கில் வைத்திருக்கும். டிஸ்க் மறையாக்கம் வேண்டும் என்று முன்னே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

7. முகவரி பரிமாறிக்கொள்வது

முகவரியைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். அட் குறிக்கு முன்னால் 64 எழுத்துகள் இருக்கும். மெயில் விதிகள் அந்தப் பகுதிக்கு அனுமதிக்கும் உச்ச நீளமும் 64தான்.

இதில் 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும். எனவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது சுழியம்தான், ஓ எழுத்தாக இருக்க முடியாது. ஒற்றைக் கோடாகத் தெரிவது 1தான், எல் இல்லை.

கையால் பார்த்துத் தட்ட வேண்டாம். ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் முகவரி போலவே இருக்கும். தவறு என்று எதுவும் சொல்லாது. கடிதம் யாரும் இல்லாத வீட்டுக்காகக் காத்துக்கிடக்கும். முகவரியை கியூஆர் கோடாக்கி நேரில் காட்டுவது சிறந்தது. வேறு வழியில் அனுப்பினால், அப்புறம் போனில் நான்கு நான்கு எழுத்தாக வாசித்துச் சரிபாருங்கள். உங்களுக்கும் நண்பருக்கும் நடுவில் யாராவது தங்கள் முகவரியை மாற்றி வைத்துவிட்டால், அந்த நபருக்குத்தான் மறையாக்கம் செய்து அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். சரிபார்த்ததும் தண்டர்பேர்ட் முகவரிப் புத்தகத்தில் ஒரு பெயர் போட்டுச் சேமியுங்கள். அதன்பின் அந்த நீள எழுத்தைப் பார்க்கவே வேண்டியிருக்காது.

8. முதல் கடிதம்

ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தண்டர்பேர்ட் 'அனுப்பியாயிற்று' என்று சொன்னால், உங்கள் கணினியில் உள்ள இக்மெயிலிடம் கொடுத்தாயிற்று என்று மட்டுமே பொருள். நண்பருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, இக்மெயில் கணக்குக்குள் இருக்கும் அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள். கடிதம் அங்கே நின்றால் இன்னும் போகவில்லை. தண்டர்பேர்டின் லோக்கல் ஃபோல்டர்ஸிலும் அவுட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கும், அது வேறு. இக்மெயில் அவுட்பாக்ஸில் நிற்பதை 'இது எதற்கு' என்று அழித்தால் கடிதம் போகவே போகாது.

நிற்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: நண்பரின் இக்மெயில் ஓடுகிறதா, உங்களுடையது பியரோடு இணைந்திருக்கிறதா, முகவரி சரியா. பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடும். வேறு எதையும் மாற்றாமல் காத்திருங்கள்; இக்மெயில் தானாகவே மறுபடி முயலும்.

பெரிய இணைப்புகளைத் தவிருங்கள். மெயிலுக்காக மாற்றும்போது இணைப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். போட்டோ ஒன்றிரண்டு சரி, வீடியோ வேண்டாம்.

9. எப்போதும் ஓடிக்கொண்டிருக்க

மடிக்கணினியை மூடினால் இக்மெயிலும் தூங்கிவிடும். இரு பக்கமும் மடிக்கணினி என்றால், இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரத்தில்தான் கடிதம் நகரும். இதற்கு எளிய தீர்வு, தினமும் ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்வது. இரவு ஒன்பது முதல் பத்து வரை இருவரும் திறந்து வைப்போம் என்றால் ஒரு பைசா செலவில்லை.

ஓயாமல் வேண்டுமென்றால் வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை வையுங்கள். லினக்ஸில் சிஸ்டம்டி சர்வீஸாக (பின்னணியில் தானே ஓடும் நிரலாக), ரூட் (நிர்வாகி) அல்லாத தனிப் பயனர் பெயரில், நின்றால் தானே எழும்படி அமைக்கலாம். கட்டளையில் டேட்டாபேஸின் முழுப் பாதை இருக்கட்டும்.

அப்படி வைத்தபின் மடிக்கணினியிலிருந்து படிப்பது எப்படி? இக்மெயிலை வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி திறந்துவிடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். அந்தப் பேச்சில் மறையாக்கம் இல்லை; பாஸ்வேர்டும் கடிதமும் வைஃபையில் அப்படியே போகும். ரூட்டரில் 1143ஐ இணையத்துக்குத் திறப்பது இன்னும் மோசம். எஸ்எஸ்எச் சுரங்கம் (இரண்டு கணினிகளுக்கு நடுவே மறையாக்கம் செய்த வழி) போடுங்கள்: மடிக்கணினியின் 1143, 1025 போர்ட்டுகளை ராஸ்பெர்ரி பையின் அதே போர்ட்டுகளோடு இணைத்துவிட்டால், தண்டர்பேர்டில் 127.0.0.1 என்ற அமைப்பை மாற்றவே வேண்டாம்.

10. பேக்கப், இடமாற்றம்

இக்மெயிலை நிறுத்துங்கள். அதன்பின் டேட்டாபேஸ் ஃபைலை, கூடவே அதே பெயரில் தொடங்கும் துணை ஃபைல்கள் ஏதும் இருந்தால் அவற்றையும் சேர்த்து, மறையாக்கம் செய்த பென்டிரைவில் நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். மாதம் ஒருமுறை எடுத்தால் கடிதங்களும் பத்திரமாக இருக்கும். சாவி மாறுவதில்லை என்பதால், முதல் நாள் எடுத்த நகல் ஒன்றே முகவரியைக் காப்பாற்றப் போதும். கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் வெறுமனே ஏற்றி வைக்காதீர்கள். தனிச் சாவியும் எல்லாக் கடிதங்களும் அந்த ஒரே ஃபைலில் இருக்கின்றன.

புதிய கணினிக்கு மாறும்போது ஃபைலை நகர்த்தி, அங்கே அதே பாதை அமைப்போடு ஓட்டினால் அதே முகவரி கிடைக்கும். ஆனால் பழைய கணினியில் இக்மெயிலை நிறுத்தி, தானாகத் தொடங்கும் அமைப்பையும் நீக்கியபின் புதியதைத் தொடங்குங்கள். ஒரே சாவியோடு இரண்டு இடத்தில் ஓடினால், வலையமைப்புக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று குழம்பும். சில கடிதம் அங்கே போகும், சில இங்கே வரும். மாற்றி முடித்ததும் நண்பரிடம் சொல்லி ஒரு சோதனைக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அது புதிய கணினியில் வந்து சேர்ந்தபின் பழைய ஃபைலை அழித்துவிடலாம்.